இங்கே நாம்தான் நார்வே!

'மிஸஸ் சாட்டர்ஜி வெர்சஸ் நார்வே' பார்த்தீர்களா? ராணி முகர்ஜி நடித்து, ஆஷிமா சிப்பர் இயக்கிய இந்திப் படம். 2023 மார்ச்சில் தியேட்டருக்கு வந்தது. அப்போது தவறவிட்டவர்கள் பிறகு வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்து அழுதார்கள். இந்தப் படத்துக்காக ராணிக்கு 2025-ல் தேசிய விருதும் கிடைத்துவிட்டது.

கதை தெரியாதவர்களுக்கு ரெண்டே வரி. நார்வேயில் வாழும் ஒரு பெங்காலிக் குடும்பம். குழந்தை நலத் துறை அதிகாரிகள் வீட்டுக்கு வந்து வந்து குறிப்பெடுக்கிறார்கள். ஒருநாள் கைக்குழந்தையைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு பறக்கிறார்கள். அம்மா பின்னாலேயே ஓடி, தடுக்கி விழுகிறாள். அப்புறம் படம் முழுக்க அவள் ஒரு நாட்டோடு சண்டை போடுகிறாள்.

குழந்தையைப் பறிக்க என்ன காரணமாம்? கையால் சோறு ஊட்டினார்கள். அப்பா அம்மாவோடு ஒரே கட்டிலில் படுக்க வைத்தார்கள். படம் பார்த்த எல்லா வீட்டிலும் ஒரே டயலாக்தான்: ''கையால ஊட்டினா தப்பா? அப்போ எங்கம்மா, எங்க பாட்டி எல்லாரும் ஜெயில்லதான் இருந்திருக்கணும்!''

நியாயமான கோபம்தான். ஆனால், அந்தக் கோபத்தோடு டி.வி-யை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறோமே, அங்கேதான் எனக்குப் பிரச்னை.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராணி பிரமாதம், சந்தேகமே இல்லை. ஆனால், படம் நார்வேக்காரர்களைப் பழைய கறுப்பு வெள்ளைப் பட நம்பியார் ரேஞ்சுக்கு ஆக்கிவிட்டது. காசுக்காகப் பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று காட்டிவிட்டால் ரசிகனுக்கு வேலை சுலபம். யோசிக்க வேண்டியதில்லை, திட்டினால் போதும். படம் வந்தபோது இந்தியாவிலிருந்த நார்வே தூதரே பத்திரிகையில் மறுப்பு எழுதினார். கையால் ஊட்டியதற்காகவோ, ஒரே படுக்கையில் படுக்க வைத்ததற்காகவோ எங்கள் நாட்டில் குழந்தையைப் பிரிக்க மாட்டார்கள் என்றார். அவர் அரசாங்க ஆள், அப்படித்தான் சொல்வார் என்று வைத்துக்கொண்டாலும், படம் சொல்லாமல் விட்ட விஷயங்கள் சில இருக்கின்றன.

நிஜத்தில் நடந்தது 2011-ல், நார்வேயின் ஸ்டவாங்கர் நகரத்தில். ரெண்டு குழந்தைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். இந்திய அரசு தலையிட்ட பிறகு, 2012-ல் குழந்தைகளை அப்பா வழிச் சித்தப்பாவிடம் ஒப்படைத்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அம்மாவிடம் இல்லை, கவனியுங்கள். இங்கே வந்த பிறகும் அந்தத் தாய் போராட வேண்டியிருந்தது. மேற்கு வங்கம் பர்த்வான் மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு விசாரித்து, 'குழந்தைகள் அம்மாவிடம்தான் இருக்க வேண்டும்' என்று சொன்னது. 2013 ஜனவரியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் குழந்தைகளைத் தாயிடம் சேர்த்தது.

படத்தைப் பார்த்து அழுத யாரிடமாவது ''குழந்தைகள் நலக் குழுன்னா என்ன?'' என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பார்கள். நார்வே அதிகாரியின் முகம் நமக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மாவுக்கு நியாயம் சொன்ன நம் ஊர்க் குழுவின் பெயர்கூடத் தெரியாது!

இன்னொன்று. அதே 2012-ன் கடைசியில் நார்வே தலைநகர் ஆஸ்லோவில் ஒரு தெலுங்குத் தம்பதிக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. பெற்ற மகனைத் துன்புறுத்தினார்கள் என்பது வழக்கு. அப்பாவுக்கு 18 மாதம், அம்மாவுக்கு 15 மாதம். அதற்கும் இங்கே கொதித்தோம். ''அடிக்காம எப்படி சார் பிள்ளையை வளர்க்கிறது?'' என்றோம். 'அடியாத மாடு படியாது' என்பது நம்ம வேதம் ஆச்சே. பிள்ளைகளைப் பெற்றவர்கள்கூட அடிக்கக் கூடாது என்று 1987-லேயே சட்டம் போட்ட நாடு நார்வே. அந்தப் பையனைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. எடுத்தால் யாரை வில்லனாகப் போடுவது என்கிற சங்கடம்!

சரி, அந்த நார்வே அப்படி என்னதான் செய்கிறது? குழந்தையைப் பறிப்பது மட்டுமே அதன் வேலை என்றால் அங்கே ஜனங்கள் சும்மா இருப்பார்களா?

குழந்தை பிறந்த சில நாட்களில் நர்ஸ் வீட்டுக்கு வருவார். அதற்குப் பிறகும் ஊர் சுகாதார நிலையத்தில் குழந்தையைத் தொடர்ந்து பார்ப்பார்கள். அப்பா அம்மா ரெண்டு பேருக்குமாகச் சேர்த்து ஏறக்குறைய ஒரு வருஷம் சம்பளத்தோடு லீவு. அதில் ஒரு பங்கு அப்பாவுக்கே அப்பாவுக்கு. அவர் எடுக்காவிட்டால் போச்சு. 1993-லேயே ஆரம்பித்த ஏற்பாடு இது. குழந்தைக்கு ஒரு வயதானதும் மழலையர் காப்பகத்தில் இடம் கேட்பது 2009 முதல் சட்டப்படியான உரிமை. கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. 18 வயது வரை ஒவ்வொரு குழந்தைக்கும் மாதாமாதம் அரசு உதவித்தொகை. ஏழையா பணக்காரனா என்று பார்ப்பதில்லை. எல்லோருக்கும் என்பதால் வாங்குகிறவருக்குக் கூச்சமும் இல்லை.

இதையெல்லாம் தாண்டியும் ஒரு வீட்டில் சிக்கல் என்றால்தான் குழந்தை நலச் சேவை உள்ளே வருகிறது. அப்போதும் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கிடைப்பது வீட்டிலேயே தரப்படும் உதவிதான். ஆலோசனை சொல்வது, காப்பகத்தில் இடம் பிடித்துத் தருவது, அசந்து போன அம்மாவுக்கு வார இறுதியில் ஓய்வு கிடைக்க ஏற்பாடு செய்வது... இப்படி. குழந்தையைப் பிரிப்பது கடைசிப் படி.

அந்தக் கடைசிப் படியில் நார்வே வழுக்கியும் இருக்கிறது. இதை நான் சொல்லவில்லை. ஸ்ட்ராஸ்பூரில் இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. 'ஸ்ட்ராண்ட் லொபென்' என்ற வழக்கில், 2019 செப்டம்பரில், 'குடும்ப வாழ்க்கைக்கான உரிமையை நார்வே மீறிவிட்டது' என்று தீர்ப்பு வந்தது. குழந்தையைப் பிரித்தால் திரும்பச் சேர்ப்பதுதான் லட்சியமாக இருக்க வேண்டும், பிரித்ததோடு ஃபைலை மூடக் கூடாது என்பது அதன் சாரம். 2020-ல் நார்வேயின் உச்ச நீதிமன்றமே இதையொட்டித் தன் வழியைத் திருத்தி எழுதியது. 2023 ஜனவரியில் புதுக் குழந்தை நலச் சட்டமும் அமலுக்கு வந்தது.

ஆக, அந்த நாட்டிடம் கற்றுக்கொள்ள ரெண்டும் இருக்கிறது: எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது. இந்த ரெண்டு பாடத்தையும் எங்கே கொண்டுபோய்ப் பொருத்திப் பார்க்கலாம்? ரொம்ப தூரம் வேண்டாம். சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறுங்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரும்பு உருக்காலைகள், ரோலிங் மில்கள், கெமிக்கல் கம்பெனிகள். கொஞ்சம் தள்ளித் தேர்வாய் கண்டிகை சிப்காட். ஆரம்பாக்கம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஆந்திராவின் தடா, ஸ்ரீசிட்டி. பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம், அஸ்ஸாம் என்று பாதி இந்தியா அங்கே வேலை செய்கிறது. தனி ஆளாக வந்தவர்கள் அதிகம். ஆனால், குடும்பத்தோடு வந்தவர்களும் இருக்கிறார்கள். லைன் வீட்டில் ஒரு ரூம். அப்பா மில்லில், அம்மா ஏதோ ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலையில். கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? எட்டு வயது அக்கா! அந்த அக்காவை யார் பார்த்துக்கொள்வது? அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

சட்டம் இல்லையா? பேஷாக இருக்கிறது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் வேலை செய்தால் ஃபேக்டரியில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதினார்கள். 50 ஊழியர்கள் இருந்தாலே காப்பக வசதி வேண்டும் என்றது 2017-ன் மகப்பேறு சட்டத் திருத்தம். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அந்த 50 என்ற கணக்கைத்தான் வைத்திருக்கின்றன. ஆனால், அம்மா கம்பெனி ஆள் இல்லை, கான்ட்ராக்டர் ஆள். ரெஜிஸ்தரில் அவள் பெயர் எங்கே இருக்கிறதோ, அங்கே காப்பகம் இல்லை. காப்பகம் இருக்கிற இடத்து ரெஜிஸ்தரில் அவள் பெயர் இல்லை.

''அங்கன்வாடி இருக்கே சார்?'' என்பீர்கள். இருக்கிறது. 1975-ல் தொடங்கிய நல்ல திட்டம். இரண்டு வயதுக்கு மேல் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் சாயங்காலம் ஷிப்ட் முடியும் முன்பே அது மூடிவிடும். ஆறு மாதக் குழந்தை எங்கே போகும்?

நம் தொழில் வளர்ச்சிக்கு வேலைக்கார அம்மா என்றாலே ஒரு சங்கடம். 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க, 700 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் ஒரு பிரமாண்ட விடுதியைத் திறந்தார்கள். நல்ல விஷயம்தான், பாராட்டுவோம். அதே 2024-ல், ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி போட்டது. கம்பெனி மறுத்தது, மத்திய அரசு அறிக்கை கேட்டது. யார் சொன்னது சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. என் கேள்வி சின்னது: தனிப் பெண்ணுக்குக் கட்டில் போட யோசிக்கிற நாம், அம்மாவுக்குத் தொட்டில் கட்ட ஏன் யோசிப்பதில்லை?

இப்போது சூளைப் பக்கம் வாருங்கள். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து சீசனுக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். முன்பணம் வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். கடன் குடும்பத்தின் பேரில் என்பதால் வேலையும் குடும்பத்தின் பேரில்தான். அப்பா மண் மிதிப்பார், அம்மா கல் அறுப்பார், பிள்ளை காய்ந்த கல்லைத் திருப்பிப் போடும். இந்தக் கணக்குப் புதிதல்ல; செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளில் நம் இருளர் குடும்பங்கள் பட்ட பாடும் இதே முன்பணக் கணக்குதான். கொத்தடிமை முறையை 1976-லேயே சட்டம் போட்டு ஒழித்துவிட்டோம். காகிதத்தில்.

2020 மே மாதம், ஊரடங்கில், ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்ட ஒடிசாத் தொழிலாளர்களைத் திருவள்ளூர் பக்கத்துச் சூளை ஒன்றில் அடித்தார்கள். விஷயம் வெளியே வந்தது. மாவட்ட நிர்வாகம் இறங்கி, ஆயிரக்கணக்கான சூளைத் தொழிலாளர்களை ரயிலேற்றி ஊருக்கு அனுப்பியது. அது நல்ல வேலை. ஆனால் நம் அரசு எந்திரத்துக்கு நன்றாகத் தெரிந்த வேலையும் அது ஒன்றுதான்: மீட்பு. ஜீப் போகும். போட்டோ எடுப்பார்கள். 'இத்தனை குழந்தைகள் மீட்பு' என்று மறுநாள் பேப்பரில் வரும். ரயில் ஏற்றி விடுவார்கள். ஊரில் நிலம் இல்லை, கடன் அப்படியே இருக்கிறது. அடுத்த சீசனில் அதே மேஸ்திரி, அதே முன்பணம், வேறொரு சூளை.

நார்வே அவசரப்பட்டு வீட்டுக்குள் நுழைந்தது என்று திட்டுகிறோமே... நாம் எப்போது நுழைகிறோம்? வீடு எரிந்து முடிந்த பிறகு.

இங்கேதான் ஒரு சங்கடமான விஷயம். படம் பார்க்கும்போது நீங்களும் நானும் திருமதி சாட்டர்ஜி. மொழி தெரியாத ஊர், புரியாத ஃபாரம், ''உனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியலை'' என்று மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்கிற ஆள். நம் நெஞ்சு கொதித்தது. ஆனால், கும்மிடிப்பூண்டியில் சீன் அப்படியே தலைகீழ். அங்கே சாட்டர்ஜி வேறு பெயரில், பலாங்கீரிலிருந்து வந்திருக்கிறாள். அவளும் கையால்தான் ஊட்டுகிறாள். அவள் வீட்டிலும் எல்லோருக்கும் ஒரே பாய்தான். அவளுக்கும் ஊர் மொழி தெரியாது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது நாம். அங்கே நாம்தான் நார்வே!

நார்வேக்காவது அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் வழக்கம் இருந்தது. நாம் அந்த லைன் வீட்டைத் தாண்டிப் போகும்போது என்ன சொல்கிறோம்? ''வடக்கத்திக்காரங்க... எங்கிருந்தோ வந்துட்டாங்க.'' ஒரு நாடு அதிகமாகப் பார்த்துத் தப்புப் பண்ணியது. இன்னொரு ஊர் பார்க்காமலே தப்புப் பண்ணுகிறது.

பார்க்க ஆள் இருக்கிறார்களா என்றால், சட்டப்படி இருக்கிறார்கள். 2015-ன் சிறார் நீதிச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு குழந்தைகள் நலக் குழுவாவது வேண்டும். தலைவரோடு சேர்த்து அஞ்சு பேர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு தனி. திருவள்ளூர் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி 37 லட்சம் பேர். 2018-ல் அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர் எல்லாம் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டாலும் மிச்சம் இருப்பது ஒன்றும் சின்ன ஊர் இல்லை. நார்வேயின் மொத்த ஜனத்தொகை சுமார் 56 லட்சம். அங்கே 350-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் ஒவ்வொன்றும் குழந்தை நலச் சேவைக்குப் பொறுப்பு. உதவி கேட்டு ஒரு அம்மா தன் ஊரைத் தாண்டி அலைய வேண்டியதில்லை.

இங்கே? கும்மிடிப்பூண்டி அம்மா, மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்கு ரயிலில் போக வேண்டும் என்றால், முதலில் சென்னைக்கு வந்து, வேறு ரயில் மாறி, மறுபடி மேற்கே போக வேண்டும். மாவட்டத்துக்குள்ளேயே போக மாவட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும்! ஒரு நாள் கூலி போச்சு. அங்கே போய் என்ன மொழியில் பேசுவாள்? மொழிபெயர்ப்பாளர் பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒடியா தெரிந்தவர் அதில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

இதே கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருக்கிறது. போருக்குத் தப்பி ஓடிய ஜனங்களில் ஒரு பகுதி ஆஸ்லோவில் போய் இறங்கியது. இன்னொரு பகுதி ராமேஸ்வரத்தில் இறங்கி முகாம்களுக்கு வந்தது. அங்கே பிறந்த குழந்தைக்கும் இங்கே பிறந்த குழந்தைக்கும் பாட்டி ஊர் பக்கத்துப் பக்கத்து ஊராகக்கூட இருக்கலாம். ஒன்றுக்குப் பிறந்த வாரமே நர்ஸ், ஒரு வயதில் காப்பகம். மற்றொன்றுக்கு ஒண்டு குடித்தனம் மாதிரி ஒரு முகாம் வீடு. ரேஷனும் உதவித்தொகையும் உண்டு. 2021-ல் முகாமின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள், புது வீடுகளும் அறிவித்தார்கள். சந்தோஷம். ஆனால், குழந்தையின் தலையெழுத்தைப் படகு போன திசை தீர்மானித்தது என்பதை நினைத்தால் கொஞ்சம் தொண்டையை அடைக்கிறது.

உடனே ''நார்வே எண்ணெய்க் கிணறு வச்சிருக்கிற நாடு, நமக்கு எப்படி சார் கட்டுப்படியாகும்?'' என்பார்கள். இதே கேள்வியை 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியபோதும் கேட்டார்கள். இன்றைக்குக் காலை உணவும் போடுகிறோம், மாநிலம் ஒன்றும் மூழ்கிவிடவில்லை. நார்வேயின் எலும்புக்கூடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். அங்கன்வாடி இருக்கிறது. குடும்பத்தோடேயே குழந்தையை வைத்துக்கொள்ள மாதம் 4,000 ரூபாய் தரும் 'மிஷன் வாத்சல்யா' இருக்கிறது. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் தமிழக அரசின் 'அன்புக்கரங்கள்' 2025 செப்டம்பரில் வந்திருக்கிறது. சூளை வளாகத்திலேயே ஒடியா மொழியில் பாடம் நடத்திய நல்ல முன்மாதிரியும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் நடந்தது. குழந்தையை விடுதிக்கு அனுப்புவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று நம் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஸ்ட்ராஸ்பூர் தீர்ப்பு நார்வேக்குச் சொன்ன பாடம் நம் சட்டப் புத்தகத்தில் அதற்கு முன்பே உட்கார்ந்திருக்கிறது!

எலும்பு இருக்கிறது. மூட்டுதான் இல்லை. செவிலியருக்குத் தெரிந்தது அங்கன்வாடிக்குத் தெரியாது. அங்கன்வாடிக்குத் தெரிந்தது தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரியாது. அத்தனை பேருக்கும் தெரிந்தாலும், ஆதார் அட்ரஸ் பலாங்கீரில் இருக்கிற குழந்தை யார் கணக்கில் வரும் என்பது ஒருத்தருக்கும் தெரியாது. அப்பா, அம்மா ரெண்டு பேரும் உயிரோடு இருந்து, ரெண்டு பேரும் ஷிப்டுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு எந்தத் திட்டத்திலும் பெயர் இல்லை. உதவி கிடைக்க வேண்டுமென்றால் யாராவது சாக வேண்டியிருக்கிறது, அல்லது யாராவது அடிபட வேண்டியிருக்கிறது.

என்ன செய்யலாம்? மூன்றே விஷயம். சிப்காட்டில் நிலம் கொடுக்கும்போதே, பத்துக் கம்பெனிக்குப் பொதுவாக ஒரு காப்பகம் கட்டுங்கள். கான்ட்ராக்ட் அம்மாவா, கம்பெனி அம்மாவா என்று கேட்காமல், ஷிப்ட் முடியும் வரை திறந்து வையுங்கள். ரெண்டாவது, குழந்தைகள் நலக் குழு வாரம் ஒருநாளாவது கும்மிடிப்பூண்டியில் வந்து உட்காரட்டும், ஒடியாவும் இந்தியும் தெரிந்த ஆளோடு. மூன்றாவது, மீட்ட குழந்தைகளின் எண்ணிக்கையை மட்டும் பேப்பருக்குக் கொடுக்காதீர்கள். ஒரு வருஷம் கழித்து அந்தக் குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் கொடுங்கள்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. கிராமத்துக்குக் கிராமம், வார்டுக்கு வார்டு குழந்தைகள் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்பது அரசு ஏற்பாடு. ஊராட்சியில் தலைவர்தான் அதற்கும் தலைவர். உங்கள் வார்டில் அது இருக்கிறதா, கடைசியாக என்றைக்குக் கூடியது என்று கவுன்சிலரைக் கேளுங்கள். அவர் ''அப்படி ஒண்ணு இருக்கா?'' என்று உங்களையே திருப்பிக் கேட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள். விடாமல் மறுபடி கேளுங்கள்.

அந்தப் படம் மறுபடி டி.வி-யில் வந்தால் தாராளமாக அழலாம். ஆனால், உங்கள் தெரு முனையில் கட்டட வேலை நடக்கிற இடத்தில், மணல் குவியலுக்குப் பக்கத்தில் சேலைத் தூளியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். அதன் அம்மாவுக்கு உங்கள் மொழி தெரியாது. அவளைப் பற்றி நாளைக்கு ஒடிசாவில் யாராவது ஒரு படம் எடுத்தால், அதில் நமக்கு என்ன வேஷம் கொடுப்பார்கள்?